பக்கத்து வண்டியின் அகலம்

மோட்டார் வாகனச் சட்டம், ஐம்பத்திரண்டாவது பிரிவு: உற்பத்தி செய்தவர் முதலில் குறித்த விவரங்களும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களும் மாறுபட்டுப் போகும்படி, எந்த உரிமையாளரும் தன் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. சட்டத்தில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட இடங்கள் குறைவு. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி இன்னும் தெளிவு: அவரவர் வாகனம் அவரவர் மஞ்சள் கோட்டுக்குள் நிற்க வேண்டும். இந்த இரண்டும் அமலில் இருந்த ஊரில்தான் என் மனைவி ஏறக்குறைய அரை வருடம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் செய்த இயந்திரங்கள் டிரெய்லரின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட ஒவ்வொரு சுமைக்கும் போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், ரயில்வே என்று வரிசையாக அனுமதி வாங்குவது என் வேலை. வேலையில் சேர்ந்ததும் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். சுமையின் அகலம் என்பது அதில் எது அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதோ அதன் அகலம். ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த போல்ட்டின் நுனியில்தான் டேப்பைப் பிடிக்க வேண்டும். விற்பனைக் கையேட்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குத் தெரியாது.

தொம்மலூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. சரிவுப் பாதை இறங்கி முடிகிற இடத்தில் எங்கள் இடம். எங்களுக்கு வலது கையில் ஒரு தூண். இடது கையில் பக்கத்து இடம், அதற்கும் அப்பால் சுவர். எங்கள் இடத்தின் பின்பக்கமாக நாலு எட்டு வைத்தால் லிஃப்ட். கட்டடத்தின் முன்வாசலில் படிகள். கட்டுமான வரைபடத்தில் அங்கே ஒரு சாய்தளம் உண்டு, நிஜத்தில் அந்த இடத்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதங்கள் வேறு ஒரு கோப்பில் இருக்கின்றன.

சென்ற ஆண்டு குளியலறையில் விழுந்ததில் என் மனைவிக்கு இடுப்பில் எலும்பு முறிந்து, மூட்டை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் காரிலிருந்து இறங்குவதே தனி நடைமுறை ஆகிவிட்டது. உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்ப வேண்டும், இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே கொண்டுவர வேண்டும், முன்னால் வாக்கரை வைத்து அதைப் பிடித்து எழ வேண்டும். இதற்குக் கதவு முழுக்கத் திறக்க வேண்டும். எங்கள் கார்க் கதவு மூன்று இடங்களில் 'டக்' என்று நிற்கும். மூன்றாவது டக் வந்தால்தான் அவள் இறங்க முடியும். இரண்டாவதில் நான் இறங்கலாம், அவள் இறங்க முடியாது. பின்கதவு இன்னும் குறுகல். சரிவில் நிறுத்தினால் வாக்கர் நிற்காது. தூண் பக்கம் நான் ஏற்கெனவே வயிற்றை எக்கிக்கொண்டு இறங்குகிறவன், அங்கே காரை இன்னும் ஒட்ட முடியாது. இத்தனையும் யோசித்துப் பார்த்துவிட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன். யோசனை சொல்ல எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

அப்படியும் சனிக்கிழமைதோறும் அவள் ஜீவனஹள்ளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கே சீட்டாட்டம். நான்கு பேர், எல்லோரும் ஓய்வு பெற்ற டீச்சர்கள். காசு வைப்பதில்லை, அதனால் சண்டை அதிகம். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காரலாம் என்பதுதான்.

யுகாதி முடிந்து சில நாட்களில் பக்கத்து இடத்துக்காரர் தன் ஜீப்புக்குப் புதுச் சக்கரங்கள் மாட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மலையேறுகிற, சேற்றில் இறங்குகிற ரக வண்டி அது. நான் குப்பை போட இறங்கியபோது அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்டி அங்கிள்? சும்மா சிங்கம் மாதிரி நிக்குதுல்ல?"

"சக்கரம் வெளியே வந்திருக்கே."

"அதான் அங்கிள் மேட்டரே. வண்டி அகலமா உக்காந்தா சரிவுல, சேத்துல கவுறாது."

"ஆபீசுக்குப் போற வழியில சேறு எங்க இருக்கு?"

"அய்யோ அங்கிள், சக்லேஷ்பூர் மலைப் பக்கம் போறேன்ல ஃபிரண்ட்ஸோட. மேல போய் பாருங்க, அப்பறம் பேசுங்க."

மாதத்துக்கு ஒரு முறை சக்லேஷ்பூர். மற்ற நாட்களில் அந்த வண்டி மேம்பாலத்தில் ஏறி, சுங்கச்சாவடியைத் தாண்டி, அலுவலகத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறது. சுங்கச்சாவடியில் கவிழ்ந்துவிடாமல் இருக்க இத்தனை அகலம் தேவைப்படுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன்.

என்ன நடந்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ள அந்தக் கட்டடத்தில் ஒருவரும் முன்வரவில்லை. சக்கரத்தின் நடுவில் அதை அச்சோடு சேர்த்து போல்ட் போடுகிற ஒரு முகம் இருக்கிறது. கம்பெனி கொடுக்கும் சக்கரத்தில் அந்த முகம் வெளிப்பக்கம் இருக்கும். சக்கரத்தின் பெரும்பகுதி வண்டிக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். கவிழ்த்து வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி. இவர் வாங்கிய சக்கரத்தில் அந்த முகம் உள்பக்கம் இருந்தது, தட்டு நிமிர்ந்துவிட்டது. சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதன்மேல் போட்ட டயரும் பழையதைவிட அகலம், கூடுதலான அகலத்தில் பாதியும் வெளிப்பக்கமே வந்தது. ஆக ஒவ்வொரு பக்கமும் என் கையால் நான்கு விரல்.

இங்கேதான் விஷயம். சுவரோரமாகக் கழிவுநீர்க் குழாயைக் காப்பாற்றுவதற்காகத் தாழ்வாக ஒரு சிமென்ட் மேடை கட்டியிருக்கிறார்கள். முன்பு அவர் வண்டியின் இடதுபக்கச் சக்கரம் அந்த மேடையை உரசிக்கொண்டு நிற்கும், வண்டியின் உடல் மேடைக்கு மேலாகக் கொஞ்சம் நீண்டிருக்கும். இப்போது சக்கரம் நான்கு விரல் முன்னதாகவே மேடையில் முட்டிக்கொண்டது. எனவே மொத்த வண்டியும் நான்கு விரல் எங்கள் பக்கம் நகர்ந்தது. வலதுபக்கச் சக்கரம் அதற்கும் மேல் நான்கு விரல் துருத்திக்கொண்டது. ஒரு பக்கம் கூடியதெல்லாம் இரட்டிப்பாகி எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. வண்டியின் தகர உடல் மட்டும் ஒரு நூல்கூட அகலமாகவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜீவனஹள்ளியிலிருந்து திரும்பி, காரை உள்ளே விட்டு, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"ஏங்க, கதவு நின்னுடுச்சி."

"இன்னும் ஒரு டக் வரணும்."

"எங்கருந்து வரும்? அங்க அவன் டயரு இருக்குது."

பின்னால் எடுத்துச் சரிவில் நிறுத்திப் பார்த்தேன். வாக்கர் வழுக்கியது. கடைசியில் காவலாளிகள் இருவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் அவளை உட்கார வைத்து லிஃப்ட் வரை தூக்கிப் போனார்கள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"அரிசி மூட்டைய எறக்கற மாதிரி எறக்கிட்டானுங்க. இனிமே நான் கார்ல ஏறறதா இல்ல."

"நான் சங்கத்துக்கு எழுதுறேன்."

"எழுதுங்க. ஆனா என் காலப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. அந்த வாட்ஸப் குரூப்ல அறுபது பேரும் கும்புடற பொம்மை போடுவாங்க. எனக்கு அது வேணாம்."

எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. விதி மீறப்பட்டிருக்கிறது, அதைச் சொல்ல யாருடைய காலும் தேவையில்லை.

சங்கத்தின் செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்தவர். மைசூர்ப் பக்கத்துக்காரர். நல்ல தமிழ் பேசுவார், இடையில் கன்னடம் எட்டிப் பார்க்கும். டேப்போடு கீழே வந்து, வண்டியின் முன்னால் குனிந்து, பம்பரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளந்தார். போனில் அந்த வண்டியின் கையேட்டை எடுத்து ஒப்பிட்டார்.

"கரெக்டா இருக்கு, நோடி, நீங்களே பாருங்க. கம்பெனி போட்டிருக்கிற அகலத்தைவிடக் கம்மிதான்."

"பம்பரை ஏன் சார் அளக்குறீங்க? டயரை அளங்க."

"டயர் வண்டி ஆகுமா சார்? டயர் மாறும், போகும். பாடிதானே வண்டி?"

நான் மேலே போய்த் தரை துடைக்கிற கம்பு இரண்டை எடுத்து வந்தேன். முன்சக்கரங்களின் வெளிப்புறம் ஒன்றை அவரிடம் பிடிக்கச் சொல்லி, மறுபுறம் மற்றொன்றை நான் செங்குத்தாகப் பிடித்து, இடையில் அளக்கச் சொன்னேன். டிரெய்லர் சுமைகளை வாழ்நாள் முழுக்க இப்படித்தான் அளந்திருக்கிறேன். அவர் கம்பைப் பிடித்தார். ஆனால் டேப்பைப் பார்க்கவில்லை, மஞ்சள் கோட்டைப் பார்த்தார்.

"டயர் கோட்டு மேல இருக்கு, சார். கோட்டத் தாண்டல. இல்வா?"

"கோட்டுக்குள்ளன்னு விதி. மேலன்னு இல்ல."

"சார், இவ்ளோ ஃபைனா போனா நம்ம பில்டிங்ல ஒரு வண்டிகூட நிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்க நீங்க, கொஞ்சம் பேசி முடிங்க."

குழுவில் அன்று மாலை, 'அளவெடுப்பு முடிந்தது, பிரச்சினை தீர்ந்தது' என்று அவர் ஒரு செய்தி போட்டார். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நாற்பது பேரில் ஒருவர்கூடக் கீழே இறங்கிப் பார்த்தவர் இல்லை.

நான் பேசியும் பார்த்தேன். பக்கத்து இடத்துக்காரர் எரிச்சல்படவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

"அங்கிள், செகரட்டரி ஓகேன்னுட்டாரே. உங்க வண்டி டச் ஆச்சா? ஸ்க்ராட்ச் இருந்தா சொல்லுங்க, நானே பெயின்ட் அடிச்சித் தரேன்."

"பெயின்ட் பிரச்சினை இல்ல. அகலப் பிரச்சினை."

"பாடி ஒரு மில்லிமீட்டர்கூட ஏறல அங்கிள், சத்தியமா."

பிறகு நடைமுறைப்படி போனேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு. மனு கிடைத்தது என்று குறுஞ்செய்தி. மனு வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று குறுஞ்செய்தி. அந்த அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டபோது, அது முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் மனு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அது பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மனுவில் சக்கரத்தின் குறுக்குவெட்டு வரைபடம், கம்புகளோடு எடுத்த போட்டோ, பிரிவு எண் எல்லாம் இருந்தன. ஒரு கவுன்டரில் இருந்த அம்மையார் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ட்ராயிங் சென்னாகிதே" என்றார். வரைபடம் நன்றாக இருக்கிறதாம். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

இதற்குள் சீட்டாட்டம் அவள் இல்லாமல் நடக்கத் தொடங்கியது. அவளுடைய அக்கா போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போடுவாள். இங்கே சோபாவில் உட்கார்ந்து, அங்கே சீட்டைக் கலைக்கிற சத்தத்தை இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். "யாரது இவ்ளோ நேரம் யோசிக்கிறது? ஜோக்கர கையில வெச்சிக்கிட்டு முழிக்கிறாளா?" என்று கத்துவாள். அங்கே சிரிப்பார்கள். மழைக்காலம் வந்தபோது சிரிப்புச் சத்தம் வந்தால் ஒலியைக் குறைக்க ஆரம்பித்தாள். ஒரு சனிக்கிழமை அக்காவின் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"தூங்கறேன்னு சொல்லிடுங்க" என்றாள், சோபாவில் நேராக உட்கார்ந்தபடி.

அன்று நான் இன்னொரு நினைவூட்டல் கடிதம் எழுதினேன். வேறென்ன செய்ய எனக்குத் தெரியும்?

ஆயுத பூஜை அன்று எங்கள் கீழ்த்தளம் கோயில் தெரு மாதிரி ஆகிவிடும். காலையிலிருந்தே எல்லோரும் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைப்பார்கள். நான் என் காருக்கு ஒரு முழம் செவந்திப்பூ மாட்டிவிட்டு மேலே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. பக்கத்து இடத்துக்காரர், வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பூசணிக்காயோடு.

"ஆன்ட்டி இருக்காங்களா? அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. வண்டிக்கு ஆரத்தி எடுக்க வீட்டுப் பெரியவங்க யாரும் இல்ல. இந்த பில்டிங்ல ஆன்ட்டிதான் பெரியவங்க. கொஞ்சம் வந்தா நல்லா இருக்கும்."

எந்த வண்டியால் என் மனைவி கீழே இறங்கவில்லையோ, அந்த வண்டிக்கு ஆரத்தி எடுக்கக் கூப்பிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வரேன்பா. தட்டுல கற்பூரம் வெச்சிருக்கியா?"

லிஃப்டில் இறங்கினோம். செயலாளர் உட்படப் பாதிக் கட்டடம் அங்கே இருந்தது. ஜீப்பின் முன்னால் நின்று ஆரத்தி காட்டினாள். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பக்கத்து இடத்துக்காரர் உற்சாகமாகச் சொன்னார்: "ஆன்ட்டி, அப்படியே ஒவ்வொரு வீல்லயும் ஒரு பொட்டு வெச்சிடுங்க. நாலு வீலும் புதுசு."

சுவர்ப்பக்கம் ஆள் நுழைய முடியாது, அங்கே அவர் தானே குனிந்து கையை நீட்டி வைத்துவிட்டார். எங்கள் பக்கத்து முன்சக்கரத்துக்கு இவள் வைத்தாள். பின்சக்கரத்துக்குப் போக, அவர் ஜீப்புக்கும் எங்கள் காருக்கும் நடுவில் நுழைய வேண்டும். வாக்கரை முன்னால் வைத்தாள். அதன் ஒரு கால் டயரில் முட்டியது, மறு கால் எங்கள் கார்க் கதவில். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். போகவில்லை. நேராக்கி மறுபடி வைத்தாள். டங் என்று தகரத்தில் பட்டது.

குங்குமக் கிண்ணத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

"என்னக் கூப்புட்டியே, எப்டி வரணும்னு சொல்லு."

அவர் டயரைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார், எங்கள் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்கிள்... ஆன்ட்டி இந்தப் பக்கமாத்தானே எறங்குவாங்க?"

"ஆமாம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நீங்க செக்ஷன் நம்பர்தான அனுப்புனீங்க!"

"செக்ஷன் நம்பர் போதும்."

செயலாளர் முன்னால் வந்தார். "நீவு ஒரு காரியம் பண்ணுங்க. மேடம் வெளிய போற நாள் குரூப்ல போட்டுடுங்க, அவர் அன்னிக்கு வண்டிய ரோட்ல நிறுத்திப்பார். சிம்பிள்."

"ஆமா ஆன்ட்டி, ஒரு மெசேஜ் போட்டா போதும்" என்றார் இவரும்.

"நான் என் அக்கா வீட்டுக்குப் போறதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் லீவ் லெட்டர் குடுக்கணுமா?" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல். "முப்பது வருஷம் நான் லீவ் லெட்டர் வாங்கினவ. குடுத்துப் பழக்கமில்ல."

யாரோ பின்னால் சிரித்தார்கள். பக்கத்து இடத்துக்காரர் சிரிக்கவில்லை. பூசணிக்காயைச் சரிவில் போட்டு உடைத்தார், எலுமிச்சம்பழங்களை நசுக்கி வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்தார். ஆனால் அந்த உற்சாகம் போய்விட்டிருந்தது. பின்சக்கரத்தில் மட்டும் கடைசி வரை பொட்டு இல்லை.

தசரா விடுமுறை முடிந்ததும் ஒருநாள் மாலை வண்டி பழைய சக்கரங்களில் வந்து நின்றது. அவற்றை அவர் விற்கவில்லை. தன் இடத்தின் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் புதுச் சக்கரங்கள் தார்ப்பாய் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. லிஃப்டில் பார்த்தபோது, "சக்லேஷ்பூர்ல இந்த வீலோட போனா பசங்க கலாய்ப்பானுங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஆனால் கம்புகளை எடுத்துப் போய் அளந்து பார்த்தேன். நான்கு விரலும் திரும்பி வந்துவிட்டன. வண்டி சுவரோரம் ஒதுங்கியதில் இன்னொரு நான்கு விரலும். கதவைத் திறந்தேன். மூன்றாவது டக்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் நடைமுறைக்கு மரியாதை இல்லாமல் போயிருக்கும். நவம்பரில் ஒருநாள் காலை என் போன் அடித்தது. "கம்ப்ளைன்ட் கொட்டவரு நீவேனா?" புகார் கொடுத்தவர் நீங்களா என்று கேட்டது குரல். ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்து கீழே நிற்கிறார். ஓடினேன். பக்கத்து இடத்துக்காரர் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தார், அவரும் பதிவுச் சான்றிதழோடு இறங்கி வந்தார். அதிகாரி ஜீப்பை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து சக்கரத்தைத் தட்டினார்.

"எல்லாம் கம்பெனி ஐட்டம்தானே இருக்கு. எங்க சார் மாற்றம்?"

"அப்போ மாற்றம் இருந்தது. இப்போ மாத்திட்டார்."

"மாற்றத்தை மாத்திட்டாரா?"

"ஆமாம்."

"அப்போ மாற்றம் இல்ல" என்றார். எழுதுவதற்குப் பலகை வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்து, தார்ப்பாய் மூடிய அந்த அடுக்கின்மேல் காகிதத்தை வைத்து நிதானமாக எழுதினார். புதுச் சக்கரங்கள் நான்கும் அவர் முழங்கைக்குக் கீழே இருந்தன. பக்கத்து இடத்துக்காரர் கூரையைப் பார்த்தார். நான் அதிகாரி எழுதுவதைப் பார்த்தேன். சுற்றுலா வழிகாட்டி மாதிரி தார்ப்பாயைத் தூக்கிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. வைத்திருப்பது குற்றமும் இல்லை, சட்டம் மாட்டுவதைத்தான் தடுக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். நானே புகார் கொடுத்து, அந்தப் புகாரில் உண்மை இல்லை என்பதற்கு நானே சாட்சி.

பிறகு பதில் வந்தது. மேற்படி வாகனம் நேரில் ஆய்வு செய்யப்பட்டதில், உற்பத்தியாளரின் விவரங்களோடு எல்லா வகையிலும் பொருந்தியிருப்பது கண்டறியப்பட்டது, ஐம்பத்திரண்டாவது பிரிவு மீறப்படவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது. என் வரைபடத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள், இந்த முறை சரியான பக்கம் மேலே இருக்கும்படி மடித்து.

அதைத் தபால் நிலையத்துக்குப் போய்த்தான் வாங்கினேன். ஸ்பீட் போஸ்ட் முதலில் வீட்டுக்கு வந்த தேதியைத் தபால்காரர் கதவில் செருகிவிட்டுப் போன சீட்டில் எழுதியிருந்தார்: நவம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல். வீடு பூட்டியிருந்தது, கையெழுத்துப் போட ஆள் இல்லை.